டூத்பிரஷ் விற்றுப் போன சம்பியன்கள்: இம்மாக்குலாட்டா 1971–72

2024 ஏப்ரலில் நடந்த அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தாட்ட இறுதிப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் ஏறத்தாழ 1 கோடி 90 இலட்சம் பேர். அதே வருட ஆண்கள் இறுதிப் போட்டிக்கு 1 கோடி 50 இலட்சம் பேர்கூட வரவில்லை. தென் கரோலினாவும் அயோவாவும் ஆடிய ஆட்டம் அது. தோற்றது அயோவா என்றாலும் அதன் கெய்ட்லின் கிளார்க் என்ற பெயர் எங்கட போன்கள் வரைக்கும் வந்து சேர்ந்தது. பெண்கள் கூடைப்பந்து இப்பதான் பிறந்திருக்கு எண்ட மாதிரிப் பதிவுகள் அந்த நாட்களில நிறையவே ஓடின. பெண்கள் செய்கிற எதையும் ஒவ்வொரு தலைமுறையும் "முதல் தடவை" எண்டு கொண்டாடுறதில எங்களுக்கு எப்பவும் ஒரு சந்தேகம் இருக்கு. முதல் தடவை இவ்வளவு தரம் வர ஏலாது. இடையில யாரையோ மறந்துபோயிருக்கிறம் எண்டுதான் அர்த்தம்.

மறந்தவர்களில் ஒரு அணியின் ஒரு சீசனை இங்கே பின்தொடர்ந்து பார்க்கிறோம். பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியாவுக்கு மேற்கே, அருட்சகோதரிகள் நடத்திய இம்மாக்குலாட்டா என்ற சின்னப் பெண்கள் கல்லூரியின் 1971–72 சீசன் அது. ஆனால் அதற்கு முதல் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கவேணும். இல்லாட்டி அந்த வருடத்தின் அர்த்தம் பிடிபடாது.

எங்கட நாட்டில பெண்பிள்ளைகளின் பந்தாட்டம் எண்டால் முதலில நினைவுக்கு வாறது வலைப்பந்து. தர்ஜினி சிவலிங்கத்தைத் தெரியாத ஆள் இருக்கமாட்டினம். வலைப்பந்து விளையாடினவர்களுக்கு அதன் கட்டுப்பாடுகளும் தெரியும். உனக்கு எண்டு பிரித்த பகுதியைத் தாண்ட ஏலாது, பந்தைத் தட்டிக்கொண்டு ஓட ஏலாது, மற்றவளின் கையில இருக்கிற பந்தைப் பறிக்க ஏலாது. இவை வானத்தால விழுந்த விதிகள் இல்லை. 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஸ்பிரிங்ஃபீல்டில் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். அடுத்த வருடமே, பக்கத்தில் இருந்த ஸ்மித் பெண்கள் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியை செண்டா பெரென்சன் அதை எடுத்துத் தன் மாணவிகளுக்கு ஏற்ற மாதிரி மாற்றினார். மைதானத்தை மூன்றாகப் பிரித்தார், ஒவ்வொருத்தியும் தன் பகுதிக்குள்ளேயே நிற்கவேண்டும் என்றார், பந்தைப் பறிப்பதைத் தடுத்தார். பெண்ணின் உடம்பு தாங்காது, நரம்பு தாங்காது என்ற அந்தக் காலத்து மருத்துவ நம்பிக்கை இதற்குப் பின்னால் இருந்தது. இங்கிலாந்துக்குப் போன கிளை வலைப்பந்தாகி, ஏகாதிபத்தியத்தின் பாடசாலைகள் வழியாக எங்களிட்டையும் வந்து சேர்ந்தது.

அமெரிக்காவில் தங்கிய கிளை மெதுமெதுவாகத்தான் கட்டை அவிழ்த்தது. 1896 ஏப்ரல் 4இல் சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டான்போர்டும் கலிபோர்னியாவும் மோதியதுதான் பெண்கள் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் ஆட்டமாகக் கருதப்படுகிறது. ஸ்டான்போர்ட் 2–1 என்று வென்றது. ஆண்களை உள்ளே விடவில்லை. அந்த உற்சாகம் நீடிக்கவில்லை. 1920களில் பெண் உடற்கல்வியாளர்களே போட்டி விளையாட்டுக்கு எதிராக நின்றார்கள். ஆண்களின் விளையாட்டில் காசும் பந்தயமும் நட்சத்திர வழிபாடும் புகுந்ததைக் கண்டு பயந்து, எங்கட பிள்ளைகளுக்கு அது வேண்டாம், எல்லாரும் கலந்து விளையாடும் "விளையாட்டு நாள்" போதும் என்றார்கள். அந்தப் பயத்தில் நியாயமே இல்லை எண்டு நாங்கள் சொல்லமாட்டம். ஆனால் அதற்கு விலை கொடுத்தவர்கள் விளையாட ஆசைப்பட்ட பெண்கள். மிசிசிப்பியில் டெல்ட்டா ஸ்டேட் ஆசிரியர் கல்லூரி 1932இல் தன் பெண்கள் அணியைக் கலைத்தது. இளம் பெண்களுக்கு இது மிகக் கடுமையான விளையாட்டு என்பதுதான் காரணம். அணியில் இருந்தவர்கள் தங்கள் சீருடைகளை எரித்தார்கள். அவர்களில் ஒருவர் மார்கரெட் வேட். இந்தப் பெயர் திரும்பவும் வரும்.

பிறகு ஆறு பேர் ஆட்டம் வந்தது. மூன்று பேர் தாக்க, மூன்று பேர் காக்க, நடுக்கோட்டைத் தாண்டக்கூடாது. 1960களில் இரண்டு பேருக்கு மட்டும் முழு மைதானத்திலும் ஓட அனுமதி கிடைத்தது. கல்லூரிப் பெண்கள் ஐந்து பேராக முழு மைதானத்திலும் ஆடலாம் என்பது 1971இல்தான் நிலையான விதியானது. (கெய்ட்லின் கிளார்க்கின் அயோவா மாநிலப் பாடசாலைகளில் ஆறு பேர் ஆட்டம் 1993 வரைக்கும் இருந்தது!) அதே 1971இல் பெண்களின் கல்லூரி விளையாட்டை நடத்துவதற்கென்று பெண்களே தொடங்கிய ஏ.ஐ.ஏ.டபிள்யூ என்ற சங்கம் உருவானது. இனிமேல் அதைப் பெண்கள் சங்கம் என்றே சொல்லுவோம். அந்தச் சங்கத்தின் முதல் தேசியக் கூடைப்பந்துச் சுற்றுப்போட்டி 1972 மார்ச்சில் நடப்பதாக இருந்தது.

இதுதான் இம்மாக்குலாட்டா களமிறங்கிய சீசன்.

கல்லூரியிடம் விளையாட்டரங்கு இல்லை. இருந்தது 1967இல் எரிந்துபோனது. அருட்சகோதரிகளின் மடத்தில், நிலத்துக்குக் கீழே இருந்த மண்டபத்தில்தான் பயிற்சி. சொந்த அரங்கு இல்லாததால் ஆட்டங்களும் வெளியிடங்களில்தான். சீருடை என்றால் இடுப்பில் பட்டி கட்டிய கம்பளிப் பாவாடைச் சட்டை. அதைப் போட்டுக்கொண்டு முழு மைதானத்தையும் ஓடிப் பார்க்கவேணும். பயிற்றுவிப்பாளர் கெத்தி ரஷ் 1970இல் வேலைக்கு வந்தபோது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார், அதாவது இதை வாசிக்கிற உங்களில் பலரின் வயது. சீசன் முழுவதற்கும் சம்பளம் 450 டொலர். கணவர் என்.பி.ஏ. நடுவர். ரஷ் ஆண்கள் ஆட்டத்தில் பார்த்த உத்திகளைக் கூச்சமில்லாமல் எடுத்து இந்தப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அரை மைதான ஆட்டத்துக்குப் பழகிய மற்ற அணிகள் இன்னும் நடுக்கோட்டில் தயங்கிக்கொண்டிருந்தபோது இவர்கள் எதிராளியின் கூடைக்குக் கீழேயே மறித்தார்கள்.

நட்சத்திரம் தெரேசா ஷாங்க். இவர் இம்மாக்குலாட்டாவுக்கு வந்ததே ஒரு விபத்தால். வேறொரு கல்லூரிக்குப் போக இருந்தவரின் வீடு தீப்பிடித்து எரிந்ததால், குடும்பத்தோடு இருந்துகொண்டே போய்வரக்கூடிய கல்லூரி தேவைப்பட்டது. புலமைப்பரிசில் கொடுத்து யாரையும் இழுக்கவில்லை, இழுக்கவும் முடியாது. பெண்கள் சங்கம் விளையாட்டுப் புலமைப்பரிசிலை முற்றாகத் தடை செய்திருந்தது. பிலடெல்பியாவின் கத்தோலிக்கப் பெண்கள் பாடசாலைகளுக்கிடையே நல்ல போட்டித் தொடர் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அங்கே விளையாடிப் பழகிய உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள், பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் இருந்த கல்லூரிக்கு வந்தார்கள். இம்மாக்குலாட்டாவின் "அதிசயம்" எண்டு சொல்லப்படுறதில பெரிய பங்கு இந்தப் பாடசாலைகளுக்குத்தான். அதிசயக் கதைகளில இந்த மாதிரி விசயங்கள் எப்பவும் காணாமல் போயிடும்.

அந்தச் சீசனில் ஆட்டத்துக்கு ஆட்டம் வென்றார்கள். இன்று "கொன்ஃபரன்ஸ்" என்று சொல்லப்படும், பெரிய பல்கலைக்கழகங்கள் கூட்டுச் சேர்ந்து நடத்துகிற லீக் எதுவும் அப்போது பெண்களுக்கு இல்லை. பக்கத்துக் கல்லூரிகளோடு ஆடி, பிறகு பிராந்தியப் போட்டிக்குப் போய், அங்கே தெரிவானால் தேசியச் சுற்றுக்குப் போகவேணும். பார்வையாளர்களில் அருட்சகோதரிகளே முன்வரிசை. ஒரு வீராங்கனையின் அப்பா இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். அவர் கொண்டுவந்த தகர வாளிகளைச் சகோதரிகள் தடியால் அடிக்கிற சத்தத்தில் எதிரணிக்குத் தன் பயிற்றுவிப்பாளர் சொல்வதே கேட்காதாம். உடுப்பு மடத்துடையது, சத்தம் எங்கட பிக்மட்ச் பாண்ட் வாத்தியத்துடையது எண்டு நினைத்துப் பார்த்தால் சரி.

பிராந்திய இறுதியில் விழுந்தார்கள். சும்மா தோல்வி இல்லை, 32 புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. 70–38. வென்றது பக்கத்து ஊரான வெஸ்ட் செஸ்டர் ஸ்டேட், அதாவது கெத்தி ரஷ் படித்த அதே கல்லூரி.

வெஸ்ட் செஸ்டர் ஏன் அவ்வளவு பலமான அணி என்பதில் ஒரு சமூக வரலாறு இருக்கிறது. அது முதலில் ஆசிரிய கலாசாலையாக இருந்து வளர்ந்த நிறுவனம். பெண்களுக்கான உடற்கல்வித் துறை பலமாக இருந்த இடங்கள் இப்படியானவைதான். ஹார்வர்ட், யேல் என்று நாங்கள் கேள்விப்படுகிற பெரிய பெயர்களில் இல்லை. ஆசிரியை ஆகப் போகிற பிள்ளைகள்தான் அமெரிக்காவில் பெண்கள் விளையாட்டை ஐம்பது வருடங்கள் உயிரோடு வைத்திருந்தார்கள். வெஸ்ட் செஸ்டரின் பயிற்றுவிப்பாளர் கரொல் எக்மன் 1969இலேயே 16 அணிகளை அழைத்து, தேசிய அளவிலான ஒரு சுற்றுப்போட்டியைத் தன் கல்லூரியிலேயே நடத்திக் காட்டினார். பெண்கள் சங்கத்தின் சுற்றுப்போட்டி அதிலிருந்து வளர்ந்ததுதான். 1972 போட்டி நடந்த இலினோய் மாநில ஊரின் பெயர் நோர்மல். சிரிப்பாக இருக்கும், ஆனால் "நோர்மல் ஸ்கூல்" என்றால் அந்தக் காலத்தில் ஆசிரிய கலாசாலை. அங்கே இருந்த கலாசாலையின் பெயர்தான் ஊருக்கே வந்தது.

பிராந்தியத்தில் இரண்டாவதாக வந்தாலும் இம்மாக்குலாட்டாவுக்கு நோர்மலுக்குப் போக இடம் கிடைத்தது. 16 அணிகளில் 15ஆவது தரம். போகக் காசில்லை. வீராங்கனைகள் டூத்பிரஷ் விற்றுக் காசு சேர்த்தார்கள். சேர்ந்த காசு எல்லாருக்கும் போதாது, ஆகவே எட்டுப் பேர் மட்டும் விமானம் ஏறினார்கள், அதுவும் ஆசனம் மிஞ்சினால் ஏற்றும் மலிவு ரிக்கற்றில். கொஞ்சப் பேராகப் போய்க் கிண்ணத்தோடு வந்தார்கள் என்று இந்தக் கதையை இனிக்க இனிக்கச் சொல்லலாம். பிறகு ஹொலிவூட் படமும் எடுத்தார்கள். எங்களுக்கோ அந்த விமானத்தில் ஏறாமல் வீட்டில் நின்ற பிள்ளைகளைப் பற்றித்தான் யோசனை. சீசன் முழுக்க மடத்து நிலக்கீழ் மண்டபத்தில் சேர்ந்து ஓடிவிட்டு, கடைசியில் காசு காணாமல் வானொலிக்குப் பக்கத்தில் இருப்பது எப்படி இருந்திருக்கும்? இப்படியான இல்லாமையை "அர்ப்பணிப்பு" எண்டு பாராட்டுறது சுலபம். பாராட்டுறவர்களுக்குச் செலவில்லை.

நோர்மலில் நான்கு ஆட்டங்கள். இந்தியானா ஸ்டேட்டை இரண்டு புள்ளிகளால் வென்றார்கள், அரையிறுதியிலும் வென்றார்கள். மார்ச் 19 இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது திரும்பவும் வெஸ்ட் செஸ்டர். கொஞ்ச நாட்களுக்கு முதல் 32 புள்ளியால் மண் கவ்வ வைத்த அதே அணி. இந்தத் தடவை 52–48, வென்றது இம்மாக்குலாட்டா. பாதிப் புள்ளிகளை ஷாங்க் ஒருவரே போட்டார். சீசன் முடிவில் 24 வெற்றி, ஒரு தோல்வி.

ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து, 1972 ஜூன் 23இல், ஜனாதிபதி நிக்சன் ஒரு கல்விச் சட்டத்தில் ஒப்பமிட்டார். அதன் ஒன்பதாம் பிரிவு 37 ஆங்கிலச் சொற்கள். அரச நிதி பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக்கூடாது என்பது சாரம். விளையாட்டு என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால் அதிகம் மாறியது விளையாட்டுத்தான். அதற்கு முதல் அமெரிக்கக் கல்லூரி அணிகளில் விளையாடிய பெண்கள் 30 ஆயிரம் அளவில். இன்று இரண்டு இலட்சத்துக்கு மேல். சட்டம் செய்யாததை வாளிச் சத்தம் செய்திருக்காது என்பதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை.

இம்மாக்குலாட்டா 1973இலும் 1974இலும் திரும்ப வென்றது. 1975 ஜனவரியில் மேரிலாந்தோடு ஆடிய ஆட்டம், தேசியத் தொலைக்காட்சியில் வந்த முதல் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம். அடுத்த மாதம் நியூயோர்க்கின் மடிசன் ஸ்குவெயார் கார்டனில் குயின்ஸ் கல்லூரியோடு ஆடியபோது ஏறத்தாழ 12 ஆயிரம் பேர் வந்தார்கள். ஆனால் அந்த வருட இறுதியில் அவர்களைத் தோற்கடித்தது டெல்ட்டா ஸ்டேட். 1932இல் அணியைக் கலைத்த அதே கல்லூரி 1973இல் அதைத் திரும்பத் தொடங்கியது. பயிற்றுவிக்க அழைக்கப்பட்டவர் மார்கரெட் வேட், அறுபது வயது. அன்று சீருடையை எரித்தவர் இப்போது தொடர்ந்து மூன்று தேசியக் கிண்ணங்களை வென்றார். அவருடைய அணியின் நடுநாயகம் லூசியா ஹரிஸ், மிசிசிப்பியின் கறுப்பின விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து முதல் தடவை சேர்க்கப்பட்டபோது முதல் புள்ளியைப் போட்டவர் அவர். கெய்ட்லின் கிளார்க்குக்காக ஒரு தொழில்முறை லீக் காத்திருந்தது. ஹரிஸ் கல்லூரி முடித்தபோது அப்படி ஒன்றும் இருக்கவில்லை.

இனித்தான் சிக்கலான இடம். பெண்கள் சங்கம் புலமைப்பரிசில் வேண்டாம், ஆட்களை விலைக்கு வாங்கும் பழக்கம் வேண்டாம், விளையாட்டு கல்விக்குள் அடங்கி நிற்கட்டும் என்ற கொள்கையோடு தொடங்கியது. 1973இல் புலோரிடாவில் மாணவிகளும் ஆசிரியர்களும் வழக்குப் போட்டார்கள். ஆண்களுக்குக் கிடைக்கிற புலமைப்பரிசில் எங்களுக்கு ஏன் இல்லை என்பது கேள்வி. சங்கம் தடையை எடுக்கவேண்டி வந்தது. எங்களுக்குள்ளேயே இதில ரெண்டு பக்கம் இருக்கு. காசு வந்தால் விளையாட்டு கெடும் எண்டு ஒரு பக்கம். காசில்லாமல் விளையாடு எண்டு சொல்ல வசதியானவர்களுக்குத்தான் ஏலும் எண்டு மற்றப் பக்கம். இதை எழுதி முடிக்கும் வரைக்கும் தீரவில்லை. எப்படியோ, புலமைப்பரிசில் வந்ததும் பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்கள் முன்னுக்கு வந்தன, சின்னக் கல்லூரிகள் பின்னுக்குப் போயின. ரஷ் 1977இல் விலகினார். ஏழு சீசன்களில் 149 வெற்றி, 15 தோல்வி.

ஆண்களின் விளையாட்டை நடத்திய என்.சி.ஏ.ஏ. ஒன்பதாம் பிரிவை எதிர்த்து நீதிமன்றம்வரை போனது. வழக்கு எடுபடவில்லை. நிற்பாட்ட முடியாததை எடுத்துக்கொள்வது என்ற முடிவுக்கு வந்தார்கள். 1981 ஜனவரியில், தாங்களே பெண்களுக்கும் தேசியப் போட்டிகள் நடத்துவதாக வாக்களித்துத் தீர்மானித்தார்கள். போக்குவரத்துச் செலவு தருவோம், மேலதிக அங்கத்துவக் கட்டணம் இல்லை, தொலைக்காட்சி ஒப்பந்தம் எங்கட கையில். டூத்பிரஷ் விற்றுப் பழகின விளையாட்டுக்கு முன்னால இப்படி ஒரு தட்டு நீட்டப்பட்டால் யார் மறுப்பினம்? பல்கலைக்கழகங்கள் வரிசையாக மாறின. கொன்ஃபரன்ஸ்கள் பெண்கள் அணிகளையும் உள்ளே எடுத்தன. யார் யாரோடு ஆடுவது, எது தொலைக்காட்சியில் வருவது என்பதெல்லாம் ஆண்களின் அமெரிக்கக் காற்பந்துக்காகக் கட்டிய கூட்டுகளில் தீர்மானமானது. 1972இல் பெண்கள் அணிகளின் பயிற்றுவிப்பாளர்களில், எல்லா விளையாட்டுகளையும் சேர்த்து, நூற்றுக்கு 90க்கு மேல் பெண்கள். சம்பளம் உயர உயர அது பாதிக்கும் கீழே போனது. 450 டொலர் வேலையாக இருந்தவரைக்கும் அதை எந்த ஆணும் கேட்கவில்லை.

பெண்கள் நடத்தியதெல்லாம் நீதியாக இருந்தது எண்டும் இல்லை. வாளி கொண்டுவந்த கடைக்காரரின் மகள் ரெனே போர்ட்லண்ட் பிறகு பென் ஸ்டேட்டில் பெயர்பெற்ற பயிற்றுவிப்பாளரானார். தன் அணியில் தன்பாலீர்ப்புள்ள பெண்களுக்கு இடமில்லை என்று பத்திரிகைக்கே வெளிப்படையாகச் சொன்னவரும் அவர்தான். முன்னாள் வீராங்கனை ஒருவர் 2005இல் வழக்குத் தொடுத்தார். பல்கலைக்கழக விசாரணைக்குப் பிறகு தண்டப்பணம் விதிக்கப்பட்டது, 2007இல் பதவி விலகினார். இம்மாக்குலாட்டாவை எழுதுகிற பலர் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1982 மார்ச் 28 அன்று அமெரிக்காவில் இரண்டு பெண்கள் இறுதிப் போட்டிகள் நடந்தன. வெர்ஜினியாவில், தொலைக்காட்சிக் கமராக்களுக்கு முன்னால், என்.சி.ஏ.ஏ.இன் முதல் பெண்கள் இறுதி. லூசியானா டெக், செய்னி ஸ்டேட்டை 76–62 என்று வென்றது. செய்னி, வெஸ்ட் செஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய கறுப்பினக் கல்லூரி. அதன் பயிற்றுவிப்பாளர் விவியன் ஸ்ட்ரிங்கர் அங்கே சம்பளமில்லாமல் தொடங்கியவர். அதற்குப் பிறகு அவ்வளவு சின்னக் கல்லூரி ஒன்று அந்த மேடைக்கு வருவது அபூர்வமானது.

மற்றது பிலடெல்பியாவின் பழைய பலெஸ்ட்ரா அரங்கில் நடந்த பெண்கள் சங்கத்தின் கடைசி இறுதி. ரட்கர்ஸ், டெக்சஸை 83–77 என்று வென்றது. ரட்கர்ஸின் பயிற்றுவிப்பாளர் தெரேசா கிரென்ட்ஸ், பத்து வருடங்களுக்கு முதல் நோர்மலில் முதல் கிண்ணத்தை வென்ற தெரேசா ஷாங்க். ஜூன் 30இல் சங்கம் தன் வேலைகளை நிறுத்தியது.